கிரைண்டர் போட்டால் அணையும் கணினி: பள்ளத்தூர் வீட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் பள்ளத்தூர் வீட்டுக் கணினியில் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் மூன்று தொந்தரவுகள் சேர்ந்தே இருந்தன. மிக மெதுவாக ஓடியது. தானாக அணைந்து தானாக எழுந்தது. அறிவியல் திட்டங்களுக்கு வீட்டுக் கணினியில் கணக்குப் போட்டுக் கொடுக்கும் பாயிங்க் மென்பொருள் வழியாகப் போட்டு அனுப்பிய கணக்குகளில் சில, தவறு என்று திரும்பி வந்தன. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் என்று நம்பி ஐந்து வாரத்தை வீணாக்கினேன். கடைசியில் பார்த்தால் மூன்றுக்கும் தனித்தனிக் காரணம். என்ன செய்தேன், என்ன நடந்தது என்று நாள்வாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இதே மாதிரிக் கோளாறு வந்த பலர், "அந்த மென்பொருளை எடுத்தேன், சரியாகிவிட்டது" என்று சொல்லி அதோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் எங்கள் வீட்டில் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அதனால்தான் முழுதாகச் சொல்கிறேன்.

கணினியும் அது இருக்கும் இடமும்

இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5, நான்கு கோர். 4 ஜிபி ராம் இரண்டு, டிடிஆர்3. விண்டோஸ் 10. கேபினட்டோடு வந்த சாதாரண எஸ்எம்பிஎஸ் (கரண்டை மாற்றிக் கணினிக்குக் கொடுக்கும் பெட்டி), அதன் பின்பக்கம் 115, 230 என்று மாற்றும் சிவப்பு ஸ்விட்ச் இருக்கும் பழைய வகை. வாங்கி எட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

இடம், வளவை (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) ஒட்டிய அறைகளில் ஒன்று. செட்டிநாட்டு வீடு தெரிந்தவர்களுக்கு அந்த அறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கனத்த சுவர், தாழ்ந்த நிலை, பர்மா தேக்குக் கதவு, பேருக்கு ஒரு சின்ன ஜன்னல். வளவில் முற்றத்துக் காற்று வரும், ஆத்தங்குடித் தளம் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். கதவைச் சாத்திவிட்டால் அறைக்குள் காற்று அசையாது. உள்ளே 100 வாட் ஹீட்டர் மாதிரி ஒரு பெட்டி இரவு பகலாக ஓடினால் சூடு போக வழியில்லை. சித்திரையில் மதியம் அந்த அறையில் 38 டிகிரி இருந்தது.

அதில் ஓடுவது ஐன்ஸ்டைன் அட் ஹோம், வீட்டுக் கணினிகளுக்குக் கணக்கைப் பிரித்துக் கொடுக்கும் ஓர் அறிவியல் திட்டம். 2020 ஊரடங்கில் ரொசெட்டா அட் ஹோமில் தொடங்கினேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அந்தத் திட்டத்தில் அப்போது கொரோனா வைரஸின் புரதங்களைப் பற்றிய கணக்குகள் வந்துகொண்டிருந்தன. 1999இல் தொடங்கி லட்சக்கணக்கானவர்களை இந்தப் பக்கம் இழுத்து வந்த, வேற்றுக்கிரகவாசிகளின் சமிக்ஞையைத் தேடிய சேட்டி அட் ஹோம், அதே 2020 மார்ச் 31ஆம் தேதியோடு புதிய கணக்கு கொடுப்பதை நிறுத்தியிருந்தது. அதன் வழி வந்ததுதான் பெர்க்லியில் எழுதப்பட்ட பாயிங்க். ஒரு தடவை அதை நிறுவிவிட்டால் எந்தத் திட்டத்துக்கும் கணினியைக் கொடுக்கலாம். பிறகு ஐன்ஸ்டைனுக்கு மாறினேன். ஃபெர்மி விண்கலம் அனுப்பிய காமா கதிர்த் தரவுகளில் பல்சார்களை, அதாவது வேகமாகச் சுழன்று துடிப்பு துடிப்பாகக் கதிர் வீசும் நட்சத்திரங்களை, தேடும் கணக்கு எனக்கு வரும். ஒன்றை முடிக்க என் கணினிக்கு ஏழு மணி நேரம் ஆகும்.

இதில் ஒரு ஏற்பாடு இந்தக் கதைக்கு மிக முக்கியம். ஒரே கணக்கை இரண்டு பேர் கணினிக்கு அனுப்புவார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஒருவருக்குப் போகும். யார் விடை தனித்து நிற்கிறதோ அது செல்லாது என்று குறிக்கப்படும். 2010இல் இந்தத் திட்டத்தில் முதல் பல்சார் கிடைத்தபோது, அமெரிக்காவின் அயோவாவில் ஒரு வீட்டுக் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒரு கணினியும்தான் அந்தச் சமிக்ஞையைக் கண்டெடுத்தன. யார் வீட்டிலோ மேசைக்கு அடியில் கிடக்கும் பெட்டி போடும் கணக்குக்கு அத்தனை மதிப்பு உண்டு. அதனால் என் பெட்டி தவறான எண்ணை அனுப்புகிறது என்று தெரிந்தபோது எனக்கு உண்மையாகவே மனசு கஷ்டப்பட்டது.

முதல் யோசனை, முதல் தவறு

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பையன் ஆன் செய்து பார்த்தான். அரை மணி நேரம் நன்றாக ஓடியது. "சார், நாள் பூரா சிபியுவை 100 பர்சன்ட்ல வச்சிருக்கீங்க. இந்த சாப்ட்வேரை எடுத்துட்டு விண்டோஸ் புதுசா போட்டாப் போதும்" என்றான். போட்டுக் கொடுத்தான். பாயிங்க் இல்லாமல் நான்கு நாள் ஓட்டினேன். ஒரு தடவைகூட அணையவில்லை. திரும்ப நிறுவினேன், இரண்டாம் நாளே அணைந்தது.

இதைப் பார்த்தால் யாருக்கும் மென்பொருள்தான் குற்றவாளி என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பாயிங்க் செய்வதெல்லாம் சிபியுவுக்குச் சாதாரணக் கூட்டல் பெருக்கல் வேலை கொடுப்பதுதான், அதுவும் மற்ற எல்லா நிரல்களுக்கும் கீழான முன்னுரிமையில். நல்ல நிலையில் இருக்கும் கணினி வருடக்கணக்கில் அப்படி ஓட வேண்டும். சுமை ஏற்றினால் வண்டி நிற்கிறது என்றால் சுமையை இறக்கி வைப்பது ஒரு வழி. அச்சு விரிசல் விட்டிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதும் ஒரு வழி. நான் குனிந்து பார்க்க முடிவு செய்தேன்.

விண்டோஸை மாற்றிப் போட்டதில் ஒரு நஷ்டம் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். பழைய நிகழ்வுப் பதிவு முழுக்க அழிந்துவிட்டது. எப்போது அணைந்தது, என்ன பிழை எண் என்ற சாட்சியமெல்லாம் அதில்தான் இருந்திருக்கும். கோளாறு என்னவென்று தெரியும் முன் விண்டோஸை மாற்றாதீர்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் ஈவென்ட் வியூவரிலிருந்து அந்தப் பதிவை ஒரு பென்டிரைவில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு

இது சீக்கிரம் முடிந்த கதை. வெப்பநிலை காட்டும் நிரலைப் போட்டுப் பார்த்தால் நான்கு கோரும் 97, 98, 100 டிகிரி. இந்த சிபியு 100ஐத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏழு மணி நேரக் கணக்கு ஒன்பதரை மணி நேரம் ஆனதற்கு அதுதான் காரணம்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன். விசிறிக்கு அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே நம்மூர்ச் செம்மண் தூசி கம்பளித் துணி மாதிரி படிந்து கிடந்தது. விரலால் பிடித்து இழுத்தால் ஒரே பட்டையாக வந்தது. அதைவிட முக்கியமாக, விசிறியைப் பலகையோடு பிடிக்கும் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று பாதி வெளியே வந்திருந்தது. அந்த மூலையில் உலோகம் சிபியுவைத் தொடவே இல்லை. சிபியுவின் சூட்டை உலோகத்துக்குக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. துடைத்து, ஒரு பச்சைப் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, நான்கு காலும் டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். அடுத்த நாள் மதியம் முழுச் சுமையில் 74 டிகிரி. கணக்கு ஏழு மணி நேரத்துக்கு வந்துவிட்டது.

எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் புதன்கிழமை மாலை அணைந்தது. அந்த வாரமே இரண்டு கணக்கு செல்லாது என்று வந்தது. சூட்டைத் தணித்தது மெதுவாக ஓடுவதை மட்டும்தான் தீர்த்திருந்தது.

தவறான விடைகள்

இங்கேதான் நோட்டுப் போட்டேன். ஒரு பக்கத்தில் அணைந்த நேரம், எதிர்ப்பக்கத்தில் தவறான கணக்குகள். இரண்டு வாரம் எழுதியதும் ஒன்று கண்ணில் பட்டது. தவறான கணக்குகளில் பாதிக்கு மேல், நடுவில் கணினி அணையவே அணையாத நாட்களில் போட்டவை. அப்படியானால் அணைவதால் கணக்கு கெடவில்லை. மற்றபடியும் அது கெடக் கூடாது. பாயிங்க் அவ்வப்போது கணக்கை வட்டில் சேமித்து வைக்கும், அணைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இழப்பது சில நிமிட வேலை மட்டும்தான்.

அடுத்து, அணைந்த நிகழ்வுகளையே இரண்டாகப் பிரித்தேன். விண்டோஸ் எதிர்பாராமல் அணைந்தால் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று சிவப்புக் குறியோடு ஒரு பதிவு விழும். பலர் அந்தத் தலைப்பைப் பார்த்ததும் மின்சாரக் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். "முறையாக மூடப்படாமல் எழுந்திருக்கிறேன்" என்பது மட்டும்தான் அதன் அர்த்தம். அதைத் திறந்து விவரங்களில் பக்செக் கோடு என்ற வரியைப் பார்க்க வேண்டும். அங்கே 0 இருந்தால் விண்டோஸ் எதையும் பதிவு செய்ய நேரமில்லாமல் சட்டென்று போயிருக்கிறது. வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்து போயிருக்கிறது. என்னிடம் இருந்த 11 பதிவுகளில் 8இல் 0. மூன்றில் 26. அந்த 26 நினைவக நிர்வாகப் பிழையின் எண். நீலத்திரையை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, ஏனென்றால் பிழை வந்ததும் தானே மறுதொடக்கம் செய் என்ற தேர்வு விண்டோஸில் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். அன்றே அதை எடுத்துவிட்டேன்.

இதே சமயத்தில் நடந்த இன்னொன்று எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அத்தை மகள் கல்யாணப் படங்களை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி வைத்திருந்தேன், 3 ஜிபி இருக்கும். அதை விரிக்கும்போது சிஆர்சி பிழை, அதாவது உள்ளே இருப்பது கெட்டிருக்கிறது என்றது. மறுபடி விரித்தால் வேறு ஒரு படத்தில் பிழை. கோப்பு வட்டில் கெட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தானே கெட வேண்டும்? சந்தேகத்தில் அதே கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை மாதிரி ஓர் எண்) ஒவ்வொரு தடவையும் கணினியை மறுதொடக்கம் செய்து மூன்று தடவை கணக்கிட்டேன். இரண்டு தடவை ஒரே மதிப்பு, மூன்றாவது தடவை வேறு. யாரும் தொடாத கோப்பு. வட்டின் உடல்நிலை அறிக்கையில் கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள் 0, காத்திருக்கும் பகுதிகள் 0, கேபிள் வழிப் பிழை 0. மிச்சமிருப்பது ராம்.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸைப் பென்டிரைவில் ஏற்றி இரவு ஓட விட்டேன். காலையில் நான்கு சுற்று முடிந்து பிழை 0 என்று நின்றது. எத்தனையோ பேர் இந்த இடத்தில் ராம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். எனக்கும் கை அரித்தது. ஆனால் நோட்டைப் பார்த்தால் தவறான கணக்குகள் எல்லாமே பகலில் ஓடியவை. இரவு அறைக் கதவைத் திறந்து வைப்பேன், வளவுக் காற்று உள்ளே வரும். பகலில் சாத்தியிருக்கும். அதனால் மறுநாள் மதியம் இரண்டரை மணிக்கு, கேபினட் தகட்டையும் மூடி, கதவையும் சாத்தி, அதே சோதனையைத் திரும்ப ஓட்டினேன்.

இரண்டாவது சுற்றில் சிவப்பு வரி விழுந்தது. பிறகு ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு வரியிலும் அங்கே என்ன எழுதப்பட்டது, திரும்பப் படித்தபோது என்ன கிடைத்தது என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். இரண்டையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். 32 பிட்களில் 31 சரி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் 1 இருக்க வேண்டிய இடத்தில் 0. எல்லா வரியிலும் அதே இடம். சூடேறினால் மட்டும் ஞாபகத்தை விடும் ஒரே ஒரு செல். எட்டு ஜிபியில் அந்த ஒரு புள்ளிதான் பல்சார் கணக்கையும் கல்யாணப் படத்தையும் கெடுத்துக்கொண்டிருந்தது.

ராம் தண்டுகளைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தங்கநிற முனைகளைத் தேய்த்து மாட்டிப் பார்த்தேன். மாற்றமில்லை. பிறகு ஒன்றை மட்டும் முதல் ஸ்லாட்டில், அப்புறம் இரண்டாவதில். அடுத்ததையும் அப்படியே. நான்கு சோதனைகளையும் மதியத்திலேயே செய்தேன், நான்கு நாள் ஆனது. ஒரு தண்டு எந்த ஸ்லாட்டில் வைத்தாலும் பிழை காட்டியது, மற்றது எங்கே வைத்தாலும் சுத்தம். ஸ்லாட்டில் குறையில்லை. கெட்டதை எடுத்து வைத்துவிட்டு 4 ஜிபியோடு மட்டும் பத்து நாள் ஓட்டினேன். ஒரே நேரத்தில் இரண்டு கணக்குதான் ஓடியது. பத்து நாளில் செல்லாத விடை ஒன்றுகூட இல்லை. எண் 26 நீலத்திரையும் இல்லை.

அணைவது மட்டும் நிற்கவில்லை. அந்தப் பத்து நாளில் மூன்று தடவை, மூன்றிலும் பக்செக் கோடு 0.

ஆனால் இப்போது கலப்படம் போய்விட்டது. மிச்சமிருப்பது ஒரே வகைக் கோளாறு என்பது தெளிவாகத் தெரிந்தது.

அப்பத்தா சொன்னது

அந்த மூன்றையும் சேர்த்துப் பதினான்கு நேரங்களையும் ஒரே தாளில் எழுதி வளவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் புதன், சனி. மாலை ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள். ஒன்றே ஒன்று வெள்ளிக்கிழமை காலை. ஏதோ ஒழுங்கு இருக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை.

அப்பத்தா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. "என்னப்பு, ரொம்ப நேரமா அதையே பாத்துக்கிட்டு இருக்க?" என்று கேட்டது. கணினி அணைந்த நேரம் அப்பத்தா என்றேன்.

"அது நான் மாவாட்டுற நேரமுல்ல. கிரைண்டரைப் போட்டா உன் ரூம்புல டிக்குனு ஒரு சத்தம் கேக்கும். நீ எதுவும் சொல்லலையேன்னு நானும் கேக்கல."

"வெள்ளிக்கிழமையுமா அப்பத்தா?"

"போன வெள்ளிக்கு முந்துன வெள்ளியா? அன்னைக்குத்தான் தேவகோட்டையிலேருந்து ஆளுக வந்தாக. வெள்ளைப் பணியாரத்துக்கு அரைச்சேன்ல."

பச்சரிசியும் உளுந்தும் ஊறப் போட்டது எனக்கும் ஞாபகம் வந்தது. பதினான்கில் பதினொன்று பொருந்தியது. பொருந்தாத மூன்றும் எண் 26 விழுந்த அந்த மூன்று. ராம் நீலத்திரைகள். ஒரு வரிகூட மிச்சம் இல்லை. ஐந்து வாரமாக வட்டையும் சிபியுவையும் நோண்டிக்கொண்டிருந்த எனக்கு, அதே கூரைக்கடியில் இருந்த சாட்சியைக் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக் கணினியில் காரணம் தெரியாமல் கோளாறு வந்தால், அந்த நேரத்தில் வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று முதலில் கேட்டு எழுதுங்கள்.

கிரைண்டர் பழையது, அரைக் குதிரைத்திறன் மோட்டார். இரண்டாங்கட்டில் இருக்கிறது. அதற்கும் என் அறைக்கும் ஒரே லைன்.

மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். அதில் லைன் வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும். எல்லா வீட்டிலும் பல்பு ஒருமுறை மங்கிப் பிறகு எரிவது இதனால்தான். கணினி அதைத் தாங்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கி அதற்குத்தான் இருக்கிறது. கரண்ட் ஒரு கணம் விட்டுப்போனாலும் தன்னிடம் தேங்கியதைக் கொடுத்து, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் முழுச் சுமையிலும் 16 மில்லிவினாடி அளவுக்கு ஓட்டிவிடும். வயதாகிக் காய்ந்த மின்தேக்கியில் அந்த நேரம் சுருங்கும். சுமை கூடினால் இன்னும் சுருங்கும். சும்மா இருக்கும்போது என் கணினி 42 வாட் இழுத்தது, பாயிங்க் ஓடும்போது 108 வாட். அதாவது பாயிங்க் ஓடும்போது அந்தத் தேக்கம் இரண்டரை மடங்கு வேகத்தில் காலியாகும்.

பாயிங்க்கை எடுத்தால் ஏன் அணையவில்லை என்ற கேள்விக்கு விடை இங்கே இருந்தது. கடைக்காரப் பையன் கண்ணால் கண்டது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் வேறு.

நினைப்பதோடு நிற்கக் கூடாது என்று சோதித்தேன். விண்டோஸ் வட்டு கெட்டுவிடக் கூடாதென்று அதைக் கழற்றி வைத்துவிட்டு, லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டினேன். சிபியுவுக்கு முழுச் சுமை தரும் ஒரு நிரலைப் போட்டுவிட்டு, அப்பத்தாவைக் கிரைண்டரைப் போடச் சொன்னேன். மோட்டார் சூடாகாமல் இருக்க ஐந்து நிமிட இடைவெளியில் பத்துத் தடவை. ஏழு தடவை அணைந்தது. சுமை இல்லாமல் பத்துத் தடவை. ஒன்றுகூட இல்லை. விண்டோஸும் இல்லை, பாயிங்க்கும் இல்லை, அப்படியும் அணைகிறது என்றால் இரண்டின் மேலும் பழியில்லை. பிறகு நண்பரிடம் புது எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி, சுமையோடு பத்துத் தடவை. ஒன்றுகூட இல்லை.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். எஸ்எம்பிஎஸ் மாற்றினால் கணினி அணையாது. ஆனால் மல்டிமீட்டர் கையில் இருந்ததால் பிளக் பாயிண்டில் அளந்து பார்த்தேன். சாதாரணமாக 226 வோல்ட். கிரைண்டர் போட்ட நொடியில் 189. ஓடத் தொடங்கியபின் 217. மல்டிமீட்டர் மெதுவான கருவி, உண்மையான இறக்கம் இன்னும் ஆழமாகவே இருந்திருக்கும். மின்தேக்கியில் தேங்கும் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 226 என்பது 189 ஆகும்போதே தேக்கத்தில் 30 சதவீதம் போய்விடுகிறது. அதே நேரத்தில் மெயின் போர்டில் அளந்தால் 226லிருந்து 219 வரைதான் இறங்கியது. அப்படியானால் 30 வோல்ட் எங்கள் வீட்டுச் சுவருக்குள்ளேயே காணாமல் போகிறது. காணாமல் போகும் வோல்டேஜ் எங்கோ சூடாக மாறிக்கொண்டிருக்க வேண்டும்.

எலெக்ட்ரீசியன் அண்ணன் அன்று மாலையே வந்தார். வளவு மூலையில், மரப் பட்டைமேல் ஓடும் பழைய வயரிங்கில், மேலே உள்ள ஜங்ஷன் பெட்டியைத் திறந்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "தம்பி, ஏணியில ஏறி நீங்களே பாருங்க" என்றார். நியூட்ரல் வயரின் முறுக்கு தளர்ந்து, சுற்றியிருந்த டேப் உருகிக் கறுத்துப் பெட்டியின் மூடியோடு ஒட்டியிருந்தது. பெட்டிக்கு அடியிலிருந்த மரப் பட்டை ஒரு ரூபாய் அகலத்துக்குக் கரி. அதற்கு ஒரு சாண் மேலே தேக்குப் பலகைக் கூரை.

அண்ணன் அந்த லைனை முழுக்கப் புது வயரில் மாற்றினார். கிரைண்டருக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன். என் அறையின் பிளக்கில் மூன்றாவது துளைக்கு எர்த் வயரே போகவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கும், வெறும் ஸ்டேட்டிக் என்று வருடக்கணக்கில் விட்டிருந்தேன். எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி வழியாகப் பாதி வோல்டேஜ் பெட்டியின் உடம்பில் நிற்கும். உங்கள் கணினியும் அப்படிச் சுருக்கென்றால் தயவுசெய்து எர்த்தைப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் புதிதாக எர்த் குழி போட்டோம்.

வயரிங் முடிந்தபின் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி அதே சோதனையை ஒரு தடவை செய்து பார்த்தேன். பத்துக்கு ஒன்று அணைந்தது. பெரும் பங்கு வயரிங்கினுடையது, சின்னப் பங்கு எஸ்எம்பிஎஸ்ஸினுடையது. அதையும் மாற்றினேன். பழையதைத் திறந்து மின்தேக்கி உப்பியிருக்கிறதா என்று பார்க்க யாரும் முயல வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

இப்போது

நான்கு கோரில் மூன்றை மட்டும் பாயிங்க்குக்குக் கொடுக்கிறேன். சிபியு நேரத்தின் சதவீதத்தைக் குறைக்கும் தேர்வைத் தொடவில்லை. அது கணக்கை விட்டுவிட்டு ஓட்டும், வெப்பம் ஏறி ஏறி இறங்கும். கோர் எண்ணிக்கையைக் குறைத்தால் சூடு சீராக இருக்கிறது. இரவு எட்டு மணியிலிருந்து காலை ஆறு வரை மட்டும், அறைக் கதவைத் திறந்து வைத்து ஓட்டுகிறேன். அரை நாளுக்கான கணக்குதான் இருப்பில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், நிறைய வாங்கிக் குவித்தால் கெடு தாண்டும். ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது. இரண்டு மாதக் கணக்கில் சுமார் 60 யூனிட். இதைத் தொடங்க நினைப்பவர்கள் முதல் நாளே இந்தக் கணக்கை வீட்டில் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இலவச யூனிட் அளவைத் தாண்டும் வீடுகளில் பில்லில் தெரியும்.

ஆவணியோடு மூன்று மாதம் ஆகிறது. செல்லாத விடை இல்லை. அணையவில்லை. கெட்ட ராம் தண்டின்மேல் "சூட்டில் பிழை, மாட்டாதே" என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். எதிலாவது போட்டு ஓட்டிப் பார்த்தால் ஓடத்தான் செய்யும், அதுதான் பயம்.

நான் தவறாகப் போட்ட கணக்குகளை வேறு யாரோ சரியாகப் போட்டு முடித்துவிட்டார்கள், திட்டத்தின் பட்டியலில் அது தெரிகிறது. கல்யாணப் படங்களுக்கு அந்த வசதி இல்லை. அந்த ஜிப்பைக் கட்டும்போதே ராம் கெட்டிருந்தது. 900 படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கெட்டவற்றை அத்தை வீட்டுப் போனிலிருந்தும் மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்தும் திரும்ப வாங்கினேன். இரண்டு படம் மட்டும் வேறு யாரிடமும் இல்லை. ஒன்றில் பந்தல்கால் நடுகிறார்கள், மேல்பாதி தெளிவாக இருக்கிறது, கீழே சாம்பல் நிறம். இன்னொன்றில் அப்பத்தா முகப்பில் உட்கார்ந்து யாரையோ பார்த்துச் சிரிக்கிறது, முகத்துக்குக் கீழே குறுக்காக ஒரு பச்சைக் கோடு ஓடுகிறது. அதை அப்படியே அச்சுப் போட்டு அறையில் மாட்டியிருக்கிறேன்.